இன்டர் காலேஜ் கோடிங் போட்டியில் ரேங்க்கும் சான்றிதழும் இப்படித்தான் கொடுப்பார்களா?

பாமணி_மூன்றாம்ஆண்டு

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். போன வாரம் தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரி சிம்போசியத்தில் கோடிங் போட்டிக்குப் போயிருந்தோம். டீமுக்கு மூன்று பேர், தலைக்கு 200 ரூபாய், புரோகிராம் எழுதித் தீர்க்க ஆறு கணக்கு, இரண்டு மணி நேரம். நாங்கள் நாலு கணக்கு போட்டோம், ஒன்றைக்கூடத் தவறாக சப்மிட் செய்யவில்லை. ஒரே ஒரு டீம்தான் ஐந்து கணக்கு. எங்களோடு சேர்த்து மூன்று டீம் நாலு.

அந்த மூன்றில் ஒன்று போட்டியை நடத்திய கல்லூரியின் டீம். ஒவ்வொரு கணக்கிலும் ஏழெட்டு முறை தப்பும் தவறுமாக சப்மிட் செய்துதான் சரியான விடைக்கு வந்தார்கள், ஸ்கோர்போர்டில் அவர்கள் வரிசை முழுக்கச் சிவப்பு. ஆனால் கடைசிக் கணக்கை எங்களுக்கு மூன்று நிமிடம் முன்னால் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு மூன்றாம் இடம், எங்களுக்கு நாலாவது. ஏன் என்று கேட்டதற்கு, கடைசி சப்மிஷன் யாருடையது முந்தியதோ அவர்கள்தான் மேலே என்றார்கள். அதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. விதிமுறைத் தாளில் ‘நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது’ என்ற ஒரு வரிதான் இருந்தது.

நடுவில் கரண்ட் வேறு போனது. லேபில் முன் இரண்டு வரிசைக்கு யுபிஎஸ் இருந்தது, நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு இல்லை. ஜெனரேட்டர் ஓடி, சிஸ்டம் திரும்ப பூட் ஆகி, லாகின் செய்து, அடித்து வைத்திருந்த கோடு போய்விட்டதால் அதை மறுபடி அடித்து... அந்த நேரத்தைக் கூட்டித் தரவும் இல்லை.

அப்புறம் சான்றிதழ். முதல் மூன்று இடத்துக்கு ‘மெரிட்’, மற்ற எல்லோருக்கும் ‘பார்ட்டிசிபேஷன்’. பார்ட்டிசிபேஷன் சான்றிதழ்கள் ஒரு மேஜையில் கட்டாகக் கிடந்தன, கையெழுத்தும் முத்திரையும் ஏற்கெனவே போட்டாயிற்று, பெயர் எழுதும் இடம் மட்டும் வெறும் புள்ளிக்கோடு. அவரவர் எடுத்து, அவரவர் பேனாவில் பெயர் எழுதிக்கொண்டோம். பதிவு செய்துவிட்டு லேபுக்கே வராத டீமுக்கும் அவர்கள் நண்பர்கள் வந்து எடுத்துப் போனார்கள். நாலு கணக்கு போட்ட எங்கள் கையிலும் அதே காகிதம்தான், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அடுத்த வருடம் பிளேஸ்மெண்ட். இந்தக் காகிதத்தைத்தான் ஃபைலில் வைக்கச் சொல்கிறார்கள். சமநிலை வந்தால் வழக்கமாக எப்படிப் பிரிப்பார்கள்? இதைக் கேட்டு அவர்களுக்கு மெயில் எழுதலாமா? வேண்டாம், அடுத்த வருடம் நம் ஜூனியர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்று டீமில் ஒருத்தி பயப்படுகிறாள்.

அரசலாற்றங்கரை

தங்கச்சி, எழுதுங்கள். ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டு எழுதுங்கள். கடைசி சப்மிஷன் நேரத்தை வைத்துப் பிரிப்பதையே அநியாயம் என்று எழுதினால் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள், ஏனென்றால் அப்படிப் பிரிக்கும் பெரிய போட்டிகள் இருக்கின்றன.

நான் படிக்கும்போது ஐசிபிசி என்ற, கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச கோடிங் போட்டிகளுக்குப் போனவன், அதை வைத்துச் சொல்கிறேன். அங்கே மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். முதலில் எத்தனை கணக்கு என்று பார்ப்பார்கள். சமமாக இருந்தால், சரியாகப் போட்ட ஒவ்வொரு கணக்கும் போட்டி தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் முடிந்தது என்று எடுத்து எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அந்தக் கணக்கில் அதற்கு முன் செய்த ஒவ்வொரு தவறான சப்மிஷனுக்கும் 20 நிமிடம் சேரும். கடைசிவரை போடாமல் விட்ட கணக்கில் எத்தனை தவறு செய்திருந்தாலும் சேராது. ஜப்பானின் அட்கோடர் என்ற ஆன்லைன் கோடிங் போட்டித் தளத்தில் முறை வேறு. கடைசியாகப் புள்ளி வாங்கிய சப்மிஷனின் நேரம் மட்டும், அதோடு தவறு ஒன்றுக்குப் பொதுவாக 5 நிமிடம்.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பாருங்கள். முதல் டீம் 10, 25, 80 ஆகிய நிமிடங்களில் மூன்று கணக்கை முடிக்கிறது, தவறே இல்லை. இரண்டாவது டீம் 40, 60, 75 ஆகிய நிமிடங்களில் முடிக்கிறது, நடுவில் இரண்டு தவறு. ஐசிபிசி முறையில் முதல் டீமுக்கு 115, இரண்டாவதுக்கு 175-உம் 40-உம் சேர்த்து 215. முதல் டீம்தான் மேலே. அட்கோடர் முறையில் 80-க்கு 85, அப்போதும் முதல் டீம்தான், ஆனால் ஐந்தே நிமிட வித்தியாசம். தவறுக்கு அபராதமே இல்லை என்று வைத்தால்? 80-க்கு 75, இரண்டாவது டீம் மேலே போய்விடும். உங்கள் போட்டியில் நடந்தது இந்த மூன்றாவது வகை. தவறுக்கு விலை இல்லை என்றால் உத்தேசமாக எதையாவது அடித்து சப்மிட் செய்துகொண்டே இருக்கலாம். யோசித்து, கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பிறகு அனுப்புகிறவர்களுக்குத்தான் நஷ்டம். எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இன்னொன்று, நேரத்தை எல்லோரும் பார்ப்பதில்லை. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் புள்ளி மட்டும்தான், முன்னால் முடித்தவர் பின்னால் முடித்தவர் என்ற பேச்சே கிடையாது. ஒரே புள்ளி என்றால் ஒரே பதக்கம். கலந்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற கணக்கில். ஐசிபிசி உலக இறுதிப் போட்டியிலும் வழக்கமாக மேலே உள்ள 12 டீம்களுக்குப் பதக்கம் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே ஒரே எண்ணிக்கையில் கணக்கு போட்டவர்களை ஒரே ரேங்க்கில் வைத்துவிடுவார்கள். உலக அளவிலேயே அப்படி என்றால், இரண்டு மணி நேரப் போட்டியில் மூன்று நிமிடத்தை வைத்து மூன்றாவது, நாலாவது என்று பிரிப்பதற்கு என்ன அர்த்தம்?

எந்த முறை வேண்டுமானாலும் இருக்கட்டும், கணக்குத் தாளைக் கொடுக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நெல்லைக் கொண்டு போகும் முன்பே நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், அதற்குத் தகுந்தபடி காய வைப்பார்கள். மூட்டையை இறக்கிய பிறகு அளவைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா?

திருவாரூர்_ஆசிரியர்

நான் இது போன்ற போட்டிகளை நடத்தும் பக்கத்தில் இருப்பவன், அங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன். சான்றிதழ்களை முன்கூட்டியே அச்சடித்து, முதல்வரிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவார்கள். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள், வெளியூர் மாணவர்களுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். பெயர் இடம் காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நோக்கம் தவறில்லை, ஆனால் வராதவர் பெயரும் அதில் ஏறிவிடுகிறது என்று தெரிந்தும் வருடா வருடம் அப்படியே செய்வது தவறு.

செலவே இல்லாமல் இதைச் சரி செய்யலாம். எந்த டீம் எத்தனை கணக்கு போட்டது, எத்தனை டீம் கலந்துகொண்டது, எல்லாம் ஸ்கோர்போர்டிலேயே இருக்கிறது. அதை எக்செல்லில் இறக்கி, மெயில் மெர்ஜ் போட்டு ஒவ்வொருவர் பெயரிலும் தாளைத் தானாக உருவாக்கி, இரண்டு நாள் கழித்து பிடிஎஃப் ஆக அனுப்பலாம். ‘6 கணக்குகளில் 4, கலந்துகொண்ட 38 டீம்களில் 2-ஆம் இடம், சமநிலை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், மெரிட், பார்ட்டிசிபேஷன் என்ற பிரிவே தேவையில்லை. ஒரு சப்மிஷன்கூடச் செய்யாத டீமுக்குச் சான்றிதழ் கிடையாது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே போட்டுவிடலாம்.

ஆனால் பார்ட்டிசிபேஷன் சான்றிதழையே ஒழிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ ஒரு முதலாமாண்டுப் பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கு போட்டிருக்கிறது என்றால் அதற்கு ஒரு தாள் கையில் போக வேண்டும். அந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அவர்கள் செய்தது சரியே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போனால் எல்லோருக்கும் கடிகாரத்தை நிறுத்தி, எல்லா சிஸ்டமும் வந்த பிறகு ஓட விட வேண்டும், யுபிஎஸ் இருப்பவர்கள் கையையும் கீபோர்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு. இதை மெயிலில் முதல் விஷயமாக எழுதுங்கள் அம்மா.

ஒரத்தநாடு_டெவலப்பர்

நேரடியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் ஃப்ரெஷர்ஸ் இன்டர்வியூ எடுக்கிறேன். சிம்போசியம் சான்றிதழை நாங்கள் புரட்டிப் பார்ப்பதே இல்லை. நாலாவது ரேங்க்குக்காக மெயில் எழுதும் நேரத்தில் கோட்ஃபோர்ஸஸ், கோட்செஃப் போன்ற ஆன்லைன் போட்டித் தளங்களில் எழுதிப் பழகினால் ரேட்டிங் உங்கள் பெயரிலேயே நிற்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அங்கே எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

அரசலாற்றங்கரை

ஒரத்தநாடு அண்ணா, நீங்கள் புரட்டாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பட்டியல் தயாராகிறதே, நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதை எதை வைத்துத் தயாரிக்கிறார்கள்? மார்க், அரியர், அப்புறம் இந்தச் சான்றிதழ் ஃபைல். அதில் கழிக்கப்பட்ட பிள்ளை உங்களைப் பார்க்கவே வராது. ஆகவே நீங்கள் மதிக்கவில்லை என்பதால் அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது.

ஆன்லைன் ரேட்டிங்கும் அவ்வளவு சுத்தம் இல்லை. போட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டெலிகிராம் குழுக்களில் விடை வருகிறது, இப்போது ஏஐ வேறு. 1994-இல் உருவான மாஸ் போன்ற கருவிகள் புரோகிராம்களை ஒப்பிட்டுக் காட்டும், வேரியபிள் பெயரை மாற்றியும் கமென்டை அழித்தும் அதை ஏமாற்ற முடியாது. ஆனால் அது ஒற்றுமையைத்தான் காட்டும், காப்பி என்று தீர்ப்புச் சொல்லாது, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும். ஒரே அறையில் எல்லோர் கண்முன்னும் நடக்கும் போட்டிக்கு ஒரு மதிப்பு இருப்பது இதனால்தான், அதை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான்.

ஒரத்தநாடு_டெவலப்பர்

பட்டியல் விஷயம் நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் பழகச் சொன்னதை நான் விடமாட்டேன். இரண்டையும் செய்யட்டும்.

பாமணி_மூன்றாம்ஆண்டு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து மெயில் எழுதி அனுப்பிவிட்டோம், பயந்தவளும் பெயர் போட்டிருக்கிறாள். ஆசிரியர் ஐயா சொன்னபடி கரண்டை முதலில் வைத்தோம். அரசலாற்றங்கரை அண்ணா போட்ட மாதிரி இரண்டு டீமின் நிமிடங்களையும் தவறுகளையும் ஸ்கோர்போர்டிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்தோம். ரேங்க்கை மாற்றச் சொல்லவில்லை, எத்தனை கணக்கு என்று எழுதிச் சான்றிதழ் தர முடியுமா என்று மட்டும் கேட்டோம். இன்னும் பதில் இல்லை.

பிப்ரவரியில் எங்கள் துறையிலும் ஒரு போட்டி வைக்கிறோம், விதிமுறை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். ஐசிபிசி மாதிரி 20 நிமிட அபராதம் என்று எழுதிவிட்டேன். அதற்கு மேலும் மூன்றாம் இடத்தில் சமநிலை வந்தால் என்ன செய்வது?

திருவாரூர்_ஆசிரியர்

போட்டி நேரத்தையும் ஒருமுறை பாருங்கள் அம்மா. 20 நிமிடம் என்பது ஐந்து மணி நேரப் போட்டிக்கு வைத்தது. இரண்டு மணி நேரம்தான் என்றால் ஒரே ஒரு தவறு ஒரு டீமை அடித்துப் போட்டுவிடும், 5 அல்லது 10 போதும். அதற்கும் மேல் சமநிலை என்றால் பிரிக்காதீர்கள். இரண்டு டீமும் மூன்றாம் இடம், அடுத்த டீம் ஐந்தாம் இடம், நாலாம் இடம் கிடையாது. பரிசுப் பணத்தைச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுங்கள், சான்றிதழ் ஆறு பேருக்கும் தனித்தனியாக மூன்றாம் இடம் என்றே இருக்கட்டும். இதையும் பதிவுப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.