தங்கைக்காகக் கேட்கிறேன்: மனபாரத்தில் சாப்பிடும் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

வணக்கம் தோழிகளே. கோவையில் தனியாக இருக்கும் என் தங்கை, வேலை நெருக்கடி கூடியதிலிருந்து ராத்திரி 11 மணிக்கு மேல் மிக்சர், பிஸ்கட், இனிப்பு என்று வயிறு நிறைந்த பிறகும் சாப்பிடுகிறாள். அந்த வருத்தத்தில் காலை டிபனை விட்டுவிடுகிறாள். மாலைக்குள் பசி இன்னும் மூர்க்கமாகிவிடுகிறது. இந்தச் சுழல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நிஜப் பசி மெல்ல மெல்ல ஏறும். இட்லியோ தயிர்சாதமோ, எது கிடைத்தாலும் அடங்கும். மனசின் பசி சட்டென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். நீடித்த மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுவதும், தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுவதும் இதற்குக் காரணமாகலாம். அதனால் "வாயைக் கட்டு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் போன் எடுப்பதைக் குறைத்துவிட்டாள்.

இதிலிருந்து மீண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதி வைப்பது உதவியதா? மாலையில் சுண்டல், வேர்க்கடலை சாப்பிட்டால் ராத்திரி வேகம் குறைகிறதா? எடையைப் பற்றியே பேசாமல், காதுகொடுத்துக் கேட்கும் உளவியல் ஆலோசகரோ உணவியல் நிபுணரோ கோவையில் தெரிந்தால் சொல்லுங்கள். அவள் மனம் நோகாமல் இந்தப் பேச்சை நான் எப்படித் தொடங்கலாம்?