காரியவட்டம் ஸ்டேடியம் யாருக்கு? உங்கள் ஊர் மைதான அனுபவங்களையும் எழுதுங்கள்

எனக்கு ஊர் தூத்தூர் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி, நீரோடியைத் தாண்டினால் கேரளத்துப் பொழியூர். இந்தக் கரையில் பந்து என்றால் ஃபுட்பால்தான். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் எங்கள் தெருக்களில் சாதாரணமாக மீன் விலை பேசிக்கொண்டு நிற்பார்கள். அதனால் 2016 ஜனவரி 3-ம் தேதி திருவனந்தபுரம் காரியவட்டத்தில் தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் கோப்பை ஃபுட்பால் இறுதிப் போட்டி, இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் என்றதும் வேன் பிடித்துக் கிளம்பினோம். முதல் கோல் ஆப்கானிஸ்தானுடையது. கூட்டம் அடங்கிப்போன ஒன்றிரண்டு நிமிடத்தில் நம் அணியின் ஜெஜெ சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் சேத்ரி அடிக்க 2-1. எங்களோடு வந்த பையன்களுக்குத் தொண்டை கட்டி மறுநாள் பேச்சே வரவில்லை. நாட்டுக்காக ஆடும் ஆட்டத்தை வீட்டிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பலாம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

அந்த ஸ்டேடியம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்தது. அப்புறம் கேரள கிரிக்கெட் சங்கம் ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது. 2017 நவம்பரில் நியூசிலாந்தோடு நடந்த டி20 மழையால் 8 ஓவர் ஆட்டமாகச் சுருங்கியது, அதற்கே ஊர் திரண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் கிரிக்கெட் பார்ப்பவன்தான்.

2018 மார்ச்சில் கொச்சியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நவம்பர் 1 வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் ஆட்டத்தை கலூர் ஸ்டேடியத்தில் நடத்தக் கிரிக்கெட் சங்கம் கிளம்பியது. முந்தைய ஆண்டுதான் அங்கே 17 வயதுக்குட்பட்டோர் ஃபுட்பால் உலகக் கோப்பை நடந்திருந்தது, அதற்காகவே தரம் பார்த்துப் போட்ட புல். அதன் நடுவில் தோண்டிக் களிமண் இறக்கி உருட்டி இறுக்கினால்தான் பிட்ச். ஆட்டம் முடிந்து மேலே புல்லை ஒட்டினாலும் அந்தப் பட்டை பட்டைதான். அங்கே பந்து வேறு மாதிரி எகிறும், சறுக்கி டாக்கிள் போட்டால் முட்டித் தோல் உரியும். ஆடியவனுக்குத்தான் அது தெரியும். வினீத், ஹியூம், சேத்ரி என்று ஃபுட்பால்காரர்கள் எல்லோரும் குரல் கொடுத்தார்கள், சச்சினும் கங்குலியும்கூடப் பேசினார்கள். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு, இதே காரியவட்டத்துக்கு மாறியது. வெஸ்ட் இண்டீஸ் 104-க்குச் சுருண்டது, 15 ஓவர் முடியுமுன் இந்தியா ஜெயித்தது.

பந்து ஜெயித்துவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் கொண்டாடினார்கள். கொச்சிக்குச் சரி. தெற்கே எங்களுக்கு? கொச்சியில் புல் பிழைத்ததற்கு விலை காரியவட்டம். 2024-ல் சூப்பர் லீக் கேரளா என்ற ஃபுட்பால் லீக் தொடங்கியபோது திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஆடியது. காரியவட்டத்துப் பெரிய ஸ்டேடியம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்க, பழைய போலீஸ் மைதானத்தில் ஆட்டம்! சொந்தமாக மைதானம் கட்டப் பணம் உள்ள ஒரே விளையாட்டு கிரிக்கெட். அது ஏன் அரசு கட்ட உதவிய இடத்துக்கு வரவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

•

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இது தலைகீழாக நடந்தது தம்பி. பெரியமேட்டு நேரு ஸ்டேடியம் அப்போது கார்ப்பரேஷன் ஸ்டேடியம், டெஸ்ட் ஆட்டமே அங்கேதான். 1956-ல் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தது அந்த மண்ணில்தான், என் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி அலுக்கவே மாட்டார். 1967-ல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது, 1993-ல் பழையதை இடித்துக் கட்டி நேரு கோப்பை ஃபுட்பால் நடத்தினார்கள். இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்ததால் இங்கே சண்டை வரவில்லை. அரசு மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைத்தான் நான் சொல்வேன்.

•

நீங்கள் இருவரும் கிரிக்கெட்டையும் பந்தையும் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என் மகள் வட்டு எறிபவள். ஊர் பெயர் வேண்டாம், ஒரு மாவட்டத் தலைநகர். அங்கே எங்களை வெளியே நிறுத்துவது கிரிக்கெட் இல்லை, ஃபுட்பால். யாரோ ஒரு தனியார் டோர்னமென்ட் என்றால் அதற்கு முந்தைய வாரமே “புல் குழியாகும், எறியக் கூடாது” என்று சொல்லிவிடுவார்கள். ஓடுகிற பிள்ளைகளாவது வெளிச்சுற்றில் ஓடிக்கொள்ளலாம், எறிகிறவர்கள் எங்கே போவது? மாநிலப் போட்டிக்கு முன்னால் அவள் ஒரு காலி மனையில் எறிந்து பழகினாள். கல்லில் பட்டுப் பட்டு வட்டின் இரும்பு விளிம்பில் பல் பல்லாகச் சிராய்ப்பு, பிடிக்கும்போது விரல் நுனி கிழியும், பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு எறிவாள். வலை இல்லாத இடம் என்பதால் நான் தெருமுனையில் நின்று ஆள் வராமல் பார்த்துக்கொள்வேன். அரசு மைதானம் என்று பெயர். டிக்கெட் விற்க முடியாத விளையாட்டுக்கு அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

•

அக்கா, முதலில் எழுதிய தூத்தூர்க்காரன்தான். படித்ததும் மனசு கேட்கவில்லை. பந்துக்காரர்கள் செய்தாலும் தப்பு தப்புதான். ஒன்று செய்யுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் அந்த மைதானத்தை எந்தெந்த நாளில் யாருக்கு, எவ்வளவு வாடகைக்குக் கொடுத்தார்கள், பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம்தான், 30 நாளில் பதில் தரவேண்டும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள். ஊர் பெயரை எனக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள், அங்கே ஃபுட்பால் ஆடும் பையன்களிடமும் நான் பேசுகிறேன், மனுவில் அவர்களும் கையெழுத்துப் போடட்டும்.