கேம்பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் 1 ஆட எந்த ஹேண்ட்ஹெல்ட் (கையடக்க கேம் கருவி) எடுக்கலாம்?

பழைய_கார்ட்ரிட்ஜ்:
முக்கால்வாசி கேம்பாய் அட்வான்ஸ்தான் ஆடுவேன். மீதி சூப்பர் நின்டெண்டோவும் பிளேஸ்டேஷன் 1-ம். நின்டெண்டோ 64 ஓடினா சந்தோஷம், ஓடலைன்னாலும் பரவாயில்லை. மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ், இந்த மூணுல ஒண்ணு எடுக்கணும். என்கிட்ட இருக்கிற கார்ட்ரிட்ஜ், டிஸ்க் எல்லாத்தையும் டம்ப் (கம்ப்யூட்டர் கோப்பா நகல்) எடுத்து வச்சிருக்கேன். கருவி வந்ததும் முதல்ல என்ன மாத்தணும்னும் சொல்லுங்க.

திரைக்கணக்கன்:
சிப்பை விடுங்க, நீங்க சொல்ற லிஸ்ட்டுக்கு மூணுமே போதும். திரையைப் பாத்து முடிவு பண்ணுங்க.

அட்வான்ஸ் படம் 240×160 பிக்சல். ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் திரை 720×480, அதாவது கச்சிதமா மூணு மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் 3×3 கட்டமா உக்காரும். மத்த ரெண்டும் 640×480. அதுல அகலம் முழுக்க விரிச்சா 2.67 மடங்கு வரும். சில புள்ளி ரெண்டு பிக்சல் அகலம், சில புள்ளி மூணு. படம் நிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டுல ஸ்க்ரோல் ஆகும்போது அலையடிக்கிற மாதிரி மினுங்கும். சரியா ரெண்டு மடங்கு (480×320) வச்சா மினுக்கல் போயிடும், ஆனா 3.5 இஞ்ச் திரையில படம் 2.5 இஞ்ச்தான்.

அளவுக்காக 34எக்ஸ்எக்ஸ் வாங்காதீங்க. அதுல அட்வான்ஸ் படம் 3.4 இஞ்ச்; 3.5 இஞ்ச் 4:3 திரையில விரிச்சாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். வித்தியாசம் புள்ளிகளோட சீர்மையில மட்டும்தான். பிளேஸ்டேஷன், சூப்பர் நின்டெண்டோ ஆடும்போது 34எக்ஸ்எக்ஸ்ல ரெண்டு பக்கமும் 40 பிக்சல் கறுப்புப் பட்டை விழும், படம் 3.1 இஞ்சுக்குச் சுருங்கும். முக்கால்வாசி அட்வான்ஸ்னா அந்த நஷ்டத்தைத் தாங்கலாம்.

ஸ்டிக்_முக்கியம்:
மேல சொன்ன கணக்கு சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. மியூ மினி பிளஸ், 34எக்ஸ்எக்ஸ் ரெண்டுலயும் அனலாக் ஸ்டிக் கிடையாது. 35எக்ஸ்எக்ஸ் எச்-ல ரெண்டு இருக்கு. ஏப் எஸ்கேப் மாதிரி ரெண்டு ஸ்டிக் இல்லாம ஆடவே முடியாத பிளேஸ்டேஷன் கேம் உண்டு. நின்டெண்டோ 64-க்கும் ஸ்டிக் இல்லாம அர்த்தமில்லை. ஆன்பெர்னிக் ரெண்டுலயும் இருக்கிற எச்700 சிப்ல லேசான 64 கேம்கள் ஓடும், கனமானது திணறும். மியூவுல 3டி படம் வரையுற ஜிபியு சிப்பே இல்லை, 64 ஆசையை மறந்துடுங்க.

மினுக்கலுக்கு மருந்தும் இருக்கு: ரெட்ரோஆர்ச்ல (பழைய கேம்களை ஓட்டுற மென்பொருள்) ஷார்ப் பைலீனியர்ங்கிற ஷேடர், அதாவது பட வடிகட்டி, போடுங்க. ஓரங்கள் ஒரு நூல் மழுங்கும், அலை அடங்கிடும். என் ஓட்டு எச்-க்கு.

கார்டு_டாக்டர்:
எதை வாங்கினாலும் முதல்ல மாத்த வேண்டியது கூட வர்ற மெமரி கார்டு. பெயரில்லாத மலிவு கார்டு, சொல்லாம செத்துப்போகும், சேவ் எல்லாம் அதோட போகும். நல்ல பிராண்டுல 64 இல்ல 128 ஜிபி போதும். அட்வான்ஸ் கேம் பெரும்பாலும் 32 எம்பிக்குள்ள அடங்கும், இடம் தின்றது பிளேஸ்டேஷன் டிஸ்க் மட்டும்தான். புதுக் கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருள் வச்சு முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க (லினக்ஸ்னா எஃப்3). போலிக் கார்டு அங்கேயே மாட்டிக்கும்.

மியூ எடுத்தா, கூட வர்ற சிஸ்டத்துக்குப் பதிலா ஆனியன்ங்கிற சிஸ்டத்தைப் போடுங்க. கார்டு எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருக்கணும். விண்டோஸோட வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல எஃப்ஏடி32-ஐக் காட்டாது, அதனால ரூஃபஸ்ல பூட் இல்லாத டிஸ்க்னு தேர்ந்தெடுத்து ஃபார்மேட் பண்ணுங்க. ஆனியன் ஜிப்பைப் பிரிச்சு, உள்ள இருக்கிறது மொத்தத்தையும் கார்டோட ரூட்ல (எந்த ஃபோல்டருக்குள்ளயும் இல்லாம நேரா) போடணும். புள்ளியில தொடங்குற மறைஞ்ச ஃபோல்டர் ஒண்ணு அதுல இருக்கு. மேக், லினக்ஸ்ல அது கண்ணுல படாம விட்டுப்போகும், அப்புறம் இன்ஸ்டாலரே எழும்பாது.

ஆன்பெர்னிக்னா மியூஓஎஸ் (muOS) இல்லைன்னா நல்லி (Knulli) சிஸ்டம். இது இமேஜா, அதாவது முழுக் கார்டோட நகலா ஒரே கோப்புல வரும், காப்பி பண்ணினா வேலை செய்யாது, எட்சர் மாதிரி மென்பொருளால எழுதணும். முடிஞ்சதும் விண்டோஸ் 'ஃபார்மேட் பண்ணட்டுமா'ன்னு கேக்கும். கேன்சல்! லினக்ஸ் பார்ட்டிஷன் அதுக்குப் படிக்கத் தெரியாது, அதான் கேக்குது. முதல் தடவை பூட் ஆகும்போது கார்டை உருவாதீங்க. ரெண்டு ஸ்லாட் இருக்கிறதால சிஸ்டம் ஒண்ணுல, கேம் ஒண்ணுலன்னு பிரிச்சு வைங்க.

பழைய_கார்ட்ரிட்ஜ்:
நன்றி, எச் பக்கம் சாயுறேன். ஃபைனல் ஃபேன்டசி 7 மூணு டிஸ்க். ஒவ்வொண்ணும் பின் (.bin), க்யூ (.cue) கோப்பா இருக்கு. அப்படியே போட்டா போதுமா?

ஸ்டிக்_முக்கியம்:
ஓடும், ஆனா டிஸ்க் 2-க்கு டிஸ்க் 1-ஓட சேவ் தெரியாது. கோப்புப் பெயருக்கு ஒரு பிளேஸ்டேஷன் மெமரி கார்டுன்னுதான் (சேவ் போற ஒரு கோப்பு) ரெட்ரோஆர்ச் வைக்கும். அதனால சிஎச்டிமேன் (chdman) மென்பொருள்ல ஒவ்வொரு க்யூ கோப்பையும் ஒரே சிஎச்டி கோப்பா ஆக்குங்க, அளவும் குறையும். பிறகு டிஸ்க்குகளைப் பட்டியலிடுற ஒரு எம்3யு (.m3u) டெக்ஸ்ட் கோப்பு: வரிக்கு ஒரு சிஎச்டி பெயர், மூணு வரி. எப்பவும் எம்3யு-வையே திறங்க. டிஸ்க் மாத்த மெனுவுல டிஸ்க் கண்ட்ரோல்: எஜெக்ட், எண்ணை மாத்து, இன்சர்ட். சிஎச்டி ஆக்குறதுக்கு முன்னாடியே பின் கோப்போட பெயரைத் திருத்தியிருந்தா க்யூ-வுக்குள்ளயும் அதைத் திருத்தணும், இல்லைன்னா டிராக் கிடைக்காது.

பயாஸ் (பிளேஸ்டேஷனுக்குள்ளயே இருக்கிற அடிப்படை மென்பொருளோட கோப்பு) இல்லாமலும் சில கேம் ஓடும், ஆனா பாதியில உறைஞ்சா அது காரணமா இருக்கலாம். அமெரிக்க டிஸ்க்குக்கு 5501 (scph5501.bin), ஜப்பானுக்கு 5500, ஐரோப்பாவுக்கு 5502. கோப்பு சரியா 5,24,288 பைட். பெயர் முழுக்கச் சின்ன எழுத்துல இருக்கட்டும், கருவியில ஓடுற லினக்ஸ் அதுல கறார்.

கார்டு_டாக்டர்:
இன்னும் ரெண்டு. கேமுக்குள்ள சேவ் பண்ணினாலும் கேமை விட்டு வெளிய வரும்போதுதான் கார்டுல எழுதும். நடுவுல பேட்டரி தீந்தா போச்சு. ரெட்ரோஆர்ச்ல சேவ்ராம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 நொடி வைங்க. சேவ் ஸ்டேட்டை (ஆட்டத்தை அந்த நொடியில அப்படியே உறையவச்ச கோப்பு) மட்டும் நம்பாதீங்க, கோர் (அந்தக் கன்சோலைப் பாவிக்கிற ரெட்ரோஆர்ச் பகுதி) மாறினா திறக்காது.

சார்ஜ் ஏறலைன்னா கருவி கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க. மலிவு ஹேண்ட்ஹெல்ட் பலதுல யூஎஸ்பி சி போர்ட்டுக்குள்ள இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டுடுவாங்க. அது இல்லைன்னா ரெண்டு முனையும் சி-யா இருக்கிற கேபிள்ல சார்ஜர் கருவியைக் கண்டுக்காது. யூஎஸ்பி ஏ-யிலிருந்து சி கேபிள், சாதா 5 வோல்ட் அடாப்டர், அவ்வளவுதான்.