பழைய தேவாலயங்களைப் பழுதுபார்த்தபோது: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, சேகரக் கமிட்டி (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) உறுப்பினர் ஒருவர்:

எங்கள் ஊர்த் தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. நான் கமிட்டிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, சுவரின் அடிப்பகுதியில் காரை உதிர்வதைக் கண்ட அன்றைய பொறுப்பாளர்கள் இடுப்பளவு உயரத்துக்குச் சுற்றிலும் சிமெண்ட் பூசச் செய்திருந்தார்கள். சில ஆண்டுகள் சுவர் பளிச்சென்று இருந்ததாம். பிறகு ஈரம் சிமெண்டுக்கு மேலே, ஆள் உயரத்தில் தலைகாட்டியது. வெள்ளையாக உப்பு பூத்தது. ஜன்னல் விளிம்புகளில் செங்கல் மாவாகக் கொட்டத் தொடங்கியது. ஆண்டுதோறும், சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு முன்பு அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மறைப்பதே வழக்கமாகிவிட்டது.

பழைய வீடுகளில் காரை வேலை பார்த்துப் பழகிய முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பூச்சைத் தட்டிப் பார்த்தார். வெற்றொலி கேட்ட இடத்தில் உளியை வைத்துப் பெயர்த்தபோது, சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் பின்புறத்தில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே சுவர் சொதசொதவென்று இருந்தது. "அண்ணாச்சி, சுவரு குடிச்ச தண்ணிய வெளிய விடணும்லா. வாயக் கட்டிப்போட்டா அது எங்க போவும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் படித்த எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையும் இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கியதில்லை.

பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும். சுண்ணாம்புக் காரை அதை மெதுவாகக் காற்றில் விட்டுவிடும். காரை மென்மையானது என்பதால் உப்பு முதலில் காரையைத்தான் அரிக்கும், செங்கல் தப்பிக்கும். காரை உதிர்வது அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். உதிர்ந்த இடத்தில் மறுபடி காரை பூசுவதுதான் பராமரிப்பு. சிமெண்ட் பூசினால் இந்த வரிசை தலைகீழாகிறது. பூச்சு கெட்டியாக நிற்கும், செங்கல் அழியும்.

நாங்கள் சிமெண்டை முழுவதும் உரித்தெடுத்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் சுவரை வெறுமனே உலரவிட்டோம். சபையாருக்கு இது மிகவும் கடினமாக இருந்தது. திருமணம் வைத்திருந்த குடும்பத்தார் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் போதகர் ஐயா உறுதியாக நின்றார். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வந்து தொட்டியில் நீற்றினோம். கல் நீரில் விழுந்ததும் கொதித்துப் பொங்குவதைப் பார்க்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை எட்ட நிறுத்தி அனுமதித்தோம். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து நீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறப்போட்ட பின்பே ஆற்று மணலோடு சேர்த்து அரைத்தோம். கடுக்காயை இடித்துத் தனியாக ஊறவைத்து, அந்த நீரையும் கருப்பட்டிக் கரைசலையும் கொத்தனார் தம் கைக்கணக்கில் சேர்த்தார். பூசிய பிறகு வெயில் படாமல் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால்தான். அந்த வேலை அவசரத்துக்கு நடப்பதில்லை.

சுவரைவிடப் பெரிய வேலை ஒன்று வெளியே இருந்தது. தேவாலயத்தைச் சுற்றி அவ்வப்போது கொட்டிய மண்ணும் கான்கிரீட் தளமும் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருந்தது. மழைநீர் முழுவதும் சுவரை நோக்கியே ஓடியது. அந்தத் தளத்தை உடைத்து, மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் விலகி ஓட வாய்க்கால் எடுத்த பிறகுதான் ஈரம் உண்மையில் குறைந்தது. இதை முதலில் செய்யாமல் எத்தனை முறை காரை பூசினாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டி, 1785-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் அர்ப்பணம் செய்யப்பட்ட ஆலயத்தை மக்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே சொல்கிறார்கள். அத்தகைய கட்டடங்கள் 200 ஆண்டுகளைக் கடந்து நிற்பது சுண்ணாம்பால்தான் என்பதை நம் கமிட்டிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்:

மேலே எழுதியவர் அடிச்சுவரைப் பற்றிச் சொன்னார். நான் மேற்கூரையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் நான் ஆய்வுக்குச் சென்ற பழைய கட்டடங்களில் பாதிக்குமேல் நோய் மேலிருந்துதான் இறங்கியிருந்தது.

இங்குள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுக்கும் புயலுக்கும் தாங்க வேண்டும் என்று வெளிச்சுவர்களை 4 அடிக் கனத்திலும், கூரையை 2 அடிக் கனமுள்ள வளைவுகளாகவும் கட்டினார்கள். அங்கே தாங்கு கட்டையே கிடையாது. எனவே கறையானுக்கும் வேலை இல்லை. எழும்பூரில் 1818-இல் அடிக்கல் இட்டு 1821-இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ கிர்க் தேவாலயத்தில், அதைக் கட்டிய பொறியாளர் டி ஹேவிலண்ட் வேறொரு சிக்கலை எதிர்கொண்டார். நிலம் சதுப்பாக இருந்ததால் கிணறுகளை வரிசையாக இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தார். மேலே 16 தூண்கள் தாங்கும், 51.5 அடிக் குறுக்களவுள்ள கவிகை மாடத்தை (டோம்) செங்கல்லிலேயே எழுப்பினார். உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், இரும்புக்கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில் இந்த மண்ணின் கொத்தனார்களை நம்பி இதைத் துணிந்தார்களே என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான பழைய தேவாலயங்களும் பள்ளிகளும் போதகர் இல்லங்களும் மதராஸ் டெரஸ் தளம் போட்டவை. தேக்கு விட்டங்களின் மேல் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாக்காக வைத்து, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளத்தில் ஒழுகல் ஏற்பட்டால், இன்றைய ஒப்பந்தக்காரர் உடனே சொல்லும் தீர்வு, மேலே ஓர் அடுக்கு கான்கிரீட் போடலாம் என்பது. ஒரு பள்ளிக் கட்டடத்தில் அப்படிப் போடப்பட்டிருந்தது. ஏற்கெனவே முனை இற்றுப்போயிருந்த விட்டங்களின் மேல் புதிய எடை ஏறி, நடுவில் தளம் தொய்ந்து, வகுப்பறையை மூட வேண்டியதாயிற்று. விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் அது இற்றுப்போவது கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும், அல்லது மெல்லிய துரப்பணத்தால் துளைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றொரு ஆலயத்தில் பீடத்துக்கு நேர் மேலே கறை படிந்திருந்தது. லட்சக்கணக்கில் செலவாகும் என்று மதிப்பீடு தயாராக இருந்தது. அங்கே கோயில் குட்டியாராக (ஆலயப் பணியாளராக) வேலை செய்த முதியவர் என்னைத் தனியே அழைத்து, "மேலே ஏறிப் பாருங்கய்யா, அப்புறம் பேசலாம்" என்றார். மாடியில் மழைநீர் இறங்கும் தூம்பை இலைச்சருகும் புறா எச்சமும் அடைத்திருந்தன. கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று வேரோடியிருந்தது. தூம்பைச் சுத்தம் செய்த அந்த ஆண்டு மழையில் கறை விரியவில்லை. அரசங்கன்றுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் பருத்த பிறகு பச்சையாகப் பிடுங்கினால் சுவரையும் சேர்த்துப் பெயர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் செத்து உலர்ந்த பின்பு எடுத்து, அந்தப் பொந்தில் சுண்ணாம்புச் சாந்தைக் கூழாகக் கரைத்து ஊற்றி நிரப்பினோம். விரல் அளவில் இருக்கும்போதே எடுத்திருந்தால் இத்தனை வேலை இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒருவர் மாடிக்கு ஏறி எல்லாத் தூம்புகளையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதை நான் போகும் இடமெல்லாம் வலியுறுத்துகிறேன்.

தரங்கம்பாடிக்கு அருகிலிருந்து, பள்ளி ஆசிரியை ஒருவர்:

நான் கட்டட நிபுணர் அல்லேன். மாணவர்களைப் பழைய இடங்களுக்கு அழைத்துச் செல்பவள். தரங்கம்பாடியில் 1620-இல் தொடங்கிய டேனிஷ் கோட்டை, 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-இல் மிஷனரி சீகன்பால்க் ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ஆகியவை நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கின்றன. அடுத்த ஆண்டே மறைந்த சீகன்பால்க் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கடல் இவ்வளவு அருகில் இருப்பதால் உப்புக்காற்று ஓயாமல் சுவரைத் தின்கிறது. பழைய மாசிலாமணி நாதர் கோயிலின் பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. 2004 சுனாமி இந்த ஊரை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நான் சொல்ல விரும்புவது கல்லறைக் கற்களைப் பற்றி. வேறோர் ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், விழா நெருங்குகிறது என்று கற்களை அமிலம் ஊற்றித் தேய்த்து, எழுத்துகளின் பள்ளத்தில் கறுப்புப் பெயிண்ட் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அன்போடுதான் செய்தார்கள். ஆனால் பெயிண்ட் அடித்தவருக்கு அந்த மொழி தெரியாது. தேய்ந்த இடங்களில் அவர் ஊகித்து வரைந்த கோடுகளால் ஓர் ஆண்டின் இலக்கமே மாறியிருந்தது. பழைய புகைப்படம் ஒன்று ஒரு குடும்பத்தாரிடம் இருந்ததால்தான் அது எனக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து மாணவர்களைக் கொண்டு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எழுத்துகளைப் பார்த்தபடியே பதிவேட்டில் எழுதச் செய்கிறேன். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கற்களைக் கழுவ வேண்டுமானால் வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரைந்துபோகும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒருவர்:

எங்கள் கரையோரத் தேவாலயங்கள் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்லால்) கட்டப்பட்டவை. வெட்டும்போது மென்மையாக இருக்கும் இந்தக் கல்லும், அதைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் ஒரே பொருளால் ஆனவை என்பதால் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டி நிற்கின்றன. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658-இல் கைப்பற்றிப் பின்னர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டிய கோட்டையும் முருகைக்கல்தான். அதனுள்ளே 1706-இல் எழுப்பப்பட்ட சிலுவை வடிவத் தேவாலயம் 1990-ஆம் ஆண்டுச் சண்டையில் அழிந்துபோயிற்று. கோட்டை மதில்களைச் சீரமைத்தபோது இடிபாடுகளிலிருந்த கற்களைப் பொறுக்கியெடுத்துத் தரம் பிரித்து அடுக்கியதை நான் நின்று பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளதால் வேறு வழியும் இல்லை. எனவே இடிந்த சுவரின் கல்லை வீதிக்கு நிரப்பவோ அத்திவாரத்துக்குப் போடவோ கொடுத்துவிடாதீர்கள் என்று எங்கள் பங்கு மக்களிடம் சொல்லிவருகிறேன்.

போரில் கூரையை இழந்த எங்கள் கோயிலைத் திருத்துவதா, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதா என்று நீண்ட வாக்குவாதம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப இருந்த உறவுகள் பெரும்பாலும் புதிய கோயிலையே விரும்பினார்கள். பழைய சுவர்களின் நேர்த்தூக்கை அளந்து, சுவர்கள் சாயவில்லை என்று பொறியியலாளர் எழுதிக் கொடுத்த பிறகும் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அப்போது ஒரு மூதாட்டி, தம் பிள்ளைகளின் திருமுழுக்கு நடந்த தொட்டி இருக்கும் சுவரைக் காட்டி, இடம்பெயர்ந்து திரும்பிவந்தபோது ஊரில் தாம் அடையாளம் கண்டுகொண்ட ஒரே சுவர் இதுதான் என்றார். கோயில் திருத்தப்பட்டது. சன்னல் வளைவுகளில் துப்பாக்கிச் சன்னங்கள் பட்ட துளைகளை நிரப்பிவிட்டு, ஒரு தூணில் உள்ளவற்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.

புதுச்சேரியிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. இங்கே 1870-71-இல் கட்டப்பட்ட மேரி (பிரெஞ்சில் நகரமன்றம்) கட்டடம் பல ஆண்டுகள் உரிய பழுதுபார்ப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. புதிய கட்டடம் அழகாகவே இருக்கிறது. என்றாலும், அதே கடற்கரையை ஒட்டி 1855-இல் கட்டப்பட்ட தூதர்களின் அன்னை ஆலயத்துக்குள் போய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்தால், இழந்தது என்ன என்பது விளங்கும். அந்த மெருகைப் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. அவர்களோடு இளைஞர்கள் ஓரிருவரைக் கூலி கொடுத்துக் கூடவே நிறுத்துங்கள் என்பது என் வேண்டுகோள்.

முதலில் எழுதிய உறுப்பினர், மறுமொழியாக:

புதுச்சேரி நண்பர் கேட்டதை நாங்கள் ஓரளவு செய்தோம். எங்கள் கொத்தனாருடன் ஊர்ப் பையன்கள் இருவர் வேலை முடியும் வரை நின்றார்கள். செலவைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: சுண்ணாம்பு வேலைக்குப் பொருட்செலவைவிடக் கூலியே கூடுதல், காலமும் அதிகம் பிடிக்கும். மொத்த மதிப்பீட்டையும் ஒரே ஆண்டில் திரட்ட முயலாமல், முதல் ஆண்டு வடிகாலும் தூம்பும், அடுத்து கூரை, அதன் பிறகு சுவர், கடைசியில் வெள்ளையடிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எந்த இடத்தில் என்ன கலவை பூசப்பட்டது என்பதைச் சேகரப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள். எங்கள் பதிவேட்டில் பழைய சிமெண்ட் பூச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அது எதுவரை போயிருக்கிறது என்று தேடிப் பெயர்ப்பதிலேயே பாதி வேலை கழிந்தது.