பெரியப்பாவின் மலையக கேசட்டுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். வரலாற்றுப் பேராசிரியராக இருந்து காலமான என் பெரியப்பா, இலங்கையில் அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் தங்கி அங்குள்ள பெரியவர்களின் பேச்சைக் கேசட்டில் பதிந்தவர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு மலையேறிய கதை, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு உடன்பிறந்தவர்கள் ராமேசுவரத்துக்குக் கப்பலேறிய கதை எல்லாம் அதில் இருக்கிறது. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

எல்லாம் பாளையங்கோட்டை வீட்டில்தான் கிடக்கிறது. சில நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி மற்ற நாடாக்களுக்கும் பரவும் என்பதால் தொடவில்லை. கூடவே கிடக்கும் ஃபோட்டோ நெகட்டிவ்களில் காடி (வினிகர்) வாசம் வேறு வருகிறது, அது அசிடேட் ஃபிலிம் சிதைவதன் அடையாளம். நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாகப் போய்விடும்.

நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் நாடாவைச் சுத்தம் செய்து, எம்பி3 ஆக இல்லாமல், ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் கோப்பாக மாற்றத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனத்துக்கோ இப்படிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள்.

அப்புறம், அட்டன் பக்கம் உறவு உள்ளவர்கள் கட்டாயம் தொடர்பு கொள்ளுங்கள். தோட்டத்தை நிர்வகித்த துரைமாரைப் பற்றியும் சொந்தக் குடும்பத்தைப் பற்றியும் நம்பிக்கையோடு மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைக் கேட்காமல் எதையும் வெளியிட எனக்கு மனமில்லை.