சிறப்பு விருந்தினர் பேசினால் பணம் வருமா? சங்க உறுப்பினர்களின் அனுபவங்கள்

மதுரை, ரோட்டரி நிகழ்ச்சிக் குழு

ஜூலை பிறந்தால் ரோட்டரிக்குப் புத்தாண்டு. தலைவரும் செயலாளரும் மாலையும் சால்வையுமாகப் பதவியேற்று முடித்த மறுநாளே நிகழ்ச்சிக் குழுவில் இருப்பவனுக்குத் தலைவலி தொடங்கிவிடுகிறது. வாரா வாரம் யாரைப் பேச அழைப்பது? மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று 2016-இல் விதி தளர்ந்தபோது மூச்சு விடலாம் என்று நினைத்தேன். எங்கள் பெரியவர்கள் வாரக் கூட்டத்தை விடுவதாக இல்லை.

உங்கள் சங்கத்துக்கு வந்தவர்களில் யார் பேச்சு மனத்தில் நின்றது, யார் பேச்சில் உறங்கினீர்கள், யார் பேச்சால் சேவைத் திட்டத்துக்கு நிதி சேர்ந்தது என்று தாராளமாக எழுதுங்கள். முதலில் என் பங்கு.

கண் வங்கியிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. திரை, கணினி எதுவும் கேட்கவில்லை. எழுந்து நின்றதும் கூரையைப் பார்த்து, "வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் இதை நிறுத்துங்கள்" என்று ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். பஜ்ஜியில் கவனமாக இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். காற்று பட்டால் விழி வறண்டுவிடும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையணை கொடுத்துத் தலையைச் சற்றே உயர்த்த வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலும், கண்ணாடி போட்டவராக இருந்தாலும், புரை அறுவை செய்துகொண்டவராக இருந்தாலும் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று சொன்னார். "உறுதிமொழிப் படிவத்தை எழுதிக் கொடுத்தவர் எழுந்து வந்து எங்களைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட வேண்டியவர் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பார். ஆகவே, படிவத்தை எங்களிடம் தருவதற்கு முன் வீட்டில் காட்டுங்கள்."

சில வாரம் கழித்து எங்கள் உறுப்பினர் ஒருவரின் தாயார் காலமானார். துக்கம் கேட்கப் போன மளிகைக்கடை உறுப்பினர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் செய்த முதல் வேலை, மின்விசிறியை நிறுத்தியதுதான். பிறகு மகனைத் தனியே அழைத்துப் பேசினார். கண் வங்கிக்காரர்கள் நேரத்துக்கு வந்து எடுத்துப் போனார்கள். பணம் என்று பார்த்தால் அந்தப் பேச்சால் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

கும்பகோணம், அரிமா சங்கம்

அண்ணா, கண்ணைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு நாங்கள் சும்மா இருக்க முடியாது. ஒரு விருந்தினர் பேச்சு ஓர் இயக்கத்தையே திருப்பிவிட்டதற்கு எங்களைவிட வேறு சாட்சி வேண்டாம். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழிலதிபர் சிகாகோவில் ஆரம்பித்து வைத்தது எங்கள் அரிமா (லயன்ஸ்) அமைப்பு. 1925 ஜூன் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் சீடார் பாயின்டில் நடந்த மாநாட்டில் பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் மேடையேறினார். இருளை எதிர்க்கும் போரில் பார்வையற்றோருக்காகக் களமிறங்கும் வீரர்களாக வாருங்கள் என்று கேட்டார். காவிரிக் கரையில் ஏதோ ஒரு பள்ளி வராந்தாவில் இன்றைக்கும் அரிமா சங்கத்தின் இலவசக் கண் முகாம் என்று பதாகை தொங்குகிறது என்றால் அதன் மூலம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு கண் மருத்துவமனையின் முகாம் அமைப்பாளர் வந்திருந்தார். நன்கொடை கேட்பார் என்று காசோலைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தோம். அவரோ, "மருந்து, அறுவை, லென்ஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு. பாட்டி முகாமுக்கு வராமல் போவது பஸ் கட்டணத்துக்கு வழியில்லாததாலும் கூட வர ஆளில்லாததாலும்தான். அதை நீங்கள் பாருங்கள்" என்றார். அதுமுதல் எங்கள் முகாம் செலவில் துண்டறிக்கை குறைந்து வேன் வாடகை கூடிவிட்டது. கூட்டமும் கூடிவிட்டது.

ஈரோடு, முன்னாள் பொருளாளர்

எல்லாரும் உருகி உருகி எழுதுகிறீர்கள். ஹெலன் கெல்லர் வாரா வாரம் கிடைப்பாரா?

பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பேச்சைக் கேட்டுப் பணம் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. எங்கள் நிதி வந்த வழிகள் இவைதான். விழா மலருக்கு விளம்பரம்: பின் அட்டை ஒரு விலை, உள் அட்டை ஒரு விலை, கால் பக்கம் ஒரு விலை. கொடுப்பவர்கள் யார்? உறுப்பினருக்கு நூல் விற்பவர், சாயம் விற்பவர், அவர் கணக்கைத் தணிக்கை செய்பவர். புதுப்படத்துக்குச் சிறப்புக் காட்சி போடுவோம். டிக்கெட்டைப் பாதிக்குமேல் நாமே வாங்கி நம் வீட்டு வேலையாட்களுக்குக் கொடுப்போம். மெல்லிசைக் கச்சேரி வைத்தால் ஒலிபெருக்கிக்காரரும் மண்டபத்துக்காரரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். கூட்டத்தில் வசூலாகும் மகிழ்ச்சி அபராதம் வேடிக்கைக்குத்தான். பேரன் பிறந்ததற்கு நூறு, புதுக் கார் வாங்கியதற்கு ஐந்நூறு.

பெரிய பணம் வருவது சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில். இரண்டு பேர் துண்டுக்காகக் காத்திருக்கும்போது ஒருவர், "டயாலிசிஸ் இயந்திரம் வாங்கலாமா, நான் பாதி போடுகிறேன்" என்பார். மற்றவர் மறுத்தால் மரியாதை போய்விடும். எங்கள் ஊரில் பெரிய காரியங்கள் அப்படித்தான் தொடங்கின.

அதற்குப் பிறகுதான் கணக்கு வேலை. ரோட்டரி அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கு, ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் பெயரில் கௌரவமும் சட்டையில் குத்திக்கொள்ள ஊசியும் கிடைக்கும். ரோட்டரி மாவட்டத்திலிருந்து (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு அது) அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குப் போன பணத்தில் ஏறக்குறைய பாதி, மூன்று ஆண்டு கழித்து மாவட்டத்தின் சேவைத் திட்டங்களுக்கே திரும்பி வருகிறது. அறக்கட்டளையின் உலகளாவிய மானியம் வேண்டுமென்றால் திட்டம் குறைந்தது 30,000 டாலருக்கு இருக்க வேண்டும், வேறு நாட்டுச் சங்கம் ஒன்று கூட்டுச் சேர வேண்டும். ஆக, இயந்திரம் வந்து இறங்க ஒரு தலைவரின் பதவிக்காலம் போதாது. படத்தில் சிரிப்பவர் ஒருவர், மின்னஞ்சல் எழுதி எழுதிக் களைத்தவர் இன்னொருவர்.

திருச்சி, ரோட்டரி உறுப்பினர்

ஈரோட்டு அண்ணா, கை கழுவும் இடம் ஆண்களுக்கு இருந்தது. எங்களுக்கு அங்கே போகவே வெகுகாலம் ஆயிற்று. கலிபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் 1970-களின் இறுதியில் பெண்களைச் சேர்த்ததற்காக வெளியேற்றப்பட்டது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989-இல்தான் உலகம் முழுவதுக்கும் விதி மாறியது. அதுவரை நாங்கள் உறுப்பினரின் மனைவிமார், குடும்ப விழாவில் கோலம் போடுபவர்கள்.

நான் பொறுப்பிலிருந்தபோது எங்கள் பகுதித் தூய்மைப் பணியாளர் ஒருவரைப் பேச அழைத்தேன். மேடையில் எங்கே உட்கார வைப்பது என்று ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. வேறெங்கே, சிறப்பு விருந்தினர் நாற்காலியில்தான் என்று தலைவர் சொன்னதும் அடங்கியது.

அந்த அம்மாள் முதலில் நன்றி சொன்னார். பிறகு, "போன வருஷம் ஐயாமார் எல்லாருக்கும் கையுறை கொடுத்தீர்கள், படமும் எடுத்தீர்கள். ஆனால் ஒருவர்கூட எங்கள் கை அளவைக் கேட்கவில்லை" என்றார். எல்லாம் ஆண்களின் அளவு. பெண்கள் போட்டுக்கொண்டு துடைப்பத்தைப் பிடித்தால் நழுவும். வியர்வை உள்ளே தேங்கி விரல் இடுக்கு புண்ணாகும். அவர்கள் கேட்டது கையுறையே அல்ல. விடியற்காலையில் வருகைப் பதிவுக்குக் கூடும் இடத்தில் ஒரு கழிப்பறை, புடவை மாற்ற ஒரு மறைவு, கை கால் கழுவ ஒரு குழாய். அவ்வளவுதான். அந்த இடத்துக்கு எதிரே எங்கள் உறுப்பினர்கள் சிலரின் கடைகள் இருந்தன.

அன்றிரவே வாக்குறுதிகள் வந்தன. கட்டடப் பொறியாளர் வரைபடத்துக்குக் காசு வேண்டாம் என்றார், ஓடு விற்பவர் ஓடு தருவதாகச் சொன்னார். மாநகராட்சி அனுமதிக்கு அலைந்த கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். எழுதவில்லை. கழிப்பறை வந்துவிட்டது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் இன்னும் தகராறு நடக்கிறது.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. பேச அழைக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும்.

அரசுப் பள்ளிகளில் இடைநிற்றல் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு ரோட்டரி சங்கத்தார் கேட்டார்கள், இரவு ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். இரவு உணவை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். போனேன். தலைவர் மணியடித்தார். இறைவணக்கம். உண்மையா, எல்லாருக்கும் நியாயமானதா, நல்லெண்ணத்தை வளர்க்குமா, எல்லாருக்கும் நன்மை தருமா என்று நான்கு கேள்விகளை எழுந்து நின்று சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு கொடி மாற்றிக்கொள்ளல், செயலாளர் அறிவிப்பு, வருகிற ரோட்டரி மாவட்ட ஆளுநருக்கு எந்த ஓட்டலில் அறை எடுப்பது என்ற விவாதம். பின்வாசலிலிருந்து குருமா வாசனை வரத் தொடங்கியது. என்னை அறிமுகம் செய்தவர் நான் எழுதாத இரண்டு நூல்களை என் பெயரில் வாசித்தார். ஒன்பது மணியாகப் போகும்போது ஒலிவாங்கி என் கைக்கு வந்தது, "சுருக்கமாக" என்று ஒரு சீட்டோடு.

எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தை ஏன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருக்கிறது, பஸ் நேரம் பொருந்தவில்லை, அம்மாவுக்குப் பயம். சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பொன்னாடையும், 24 பற்கள் கொண்ட சக்கரம் பொறித்த கண்ணாடிப் பரிசும் தந்தார்கள். குருமா நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், எந்த பஸ் அது?" என்று கேட்டார். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். நேரம் இருபது நிமிடம் முன்னே வந்தது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் இதற்கு இடம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சேலம், மூத்த உறுப்பினர்

1985-இல் ரோட்டரி போலியோ திட்டத்தை அறிவித்த காலத்திலிருந்து அதற்கான வசூல் உண்டியல் எங்கள் மேசையில் இருக்கிறது. பேருந்து நிலையச் சாவடியில் குழந்தைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்த தலைமுறை நாங்கள். 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் ஒரு பெண் குழந்தையைத் தாக்கியதோடு இயற்கையாகப் பரவும் காட்டுவகைப் போலியோ இந்தியாவில் நின்றது. 2014 மார்ச் 27-இல் சான்றும் கிடைத்தது. புதிதாக வந்த இளைஞர்கள், "ஒழிந்ததற்கு இன்னும் ஏன் வசூல்?" என்று கேட்டார்கள். போலியோ இன்னும் ஒழியாத பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நாம் போடும் ஒரு டாலருக்குக் கேட்ஸ் அறக்கட்டளை தரும் இரண்டு டாலர் என்று நாங்கள் விளக்கியது எடுபடவில்லை.

ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே நகல் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பேச அழைத்தோம். சிறு வயதில் போலியோ வந்த கால். மேசையைப் பிடித்து நின்று, "பதினைந்து வயதுக்குக் கீழே என் கால் மாதிரி காலோடு பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையை இந்த ஊரில் காட்டுங்கள்" என்றார். வேறு அதிகம் பேசவில்லை. அன்று உண்டியல் எடை கூடியது, ஈரோட்டுக்காரர் குறித்துக்கொள்ளட்டும்.

ஈரோடு, முன்னாள் பொருளாளர்

குறித்துக்கொண்டேன். எவ்வளவு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

மதுரை, ரோட்டரி நிகழ்ச்சிக் குழு

திருச்சி சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாளை எங்கள் கூட்டத்துக்கும் அழைக்க முடியுமா?

திருச்சி, ரோட்டரி உறுப்பினர்

கேட்டுவிட்டேன், வருகிறார். ஞாயிறு மாலையாக வையுங்கள். மற்ற நாட்களில் விடியுமுன் வேலைக்குப் போக வேண்டும், இரவுக் கூட்டம் ஒத்துவராது. போக்குவரத்துச் செலவு உங்களுடையது, துணைக்கு மகள் வருவாள். பிறந்தநாள் வாழ்த்துக்கு முன்பே அவரைப் பேச விடுங்கள். பொன்னாடை வேண்டாமாம். உங்கள் ஊர்ப் பணியாளர்கள் கூடும் இடத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம், யாராவது ஒருவர் காரோடு நான்கு மணிக்கு பஸ் நிலையத்தில் நிற்கட்டும்.