மிக்சர் லோரி கழுவுகிற தண்ணீரை எங்கே விடுவது? பக்கத்துக் குளத்து மீன் செத்துவிட்டது

தோட்டத்துப்பொண்ணு:

வணக்கம். நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு இன்னும் அது பழைய பேரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். பழைய தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த நிலத்தில் 24 ஒரு மாடி வீடுகள் கட்டுகிறோம். நான் சைட் சூப்பர்வைசர், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஐந்து மிக்சர் லோரி வரும், ஒவ்வொன்றிலும் 6 கன மீட்டர். இறக்கி முடித்ததும் டிரைவர் ஹோசை எடுத்து, பின்னால் தொங்கும் சூட்டை (கான்கிரீட் சரிந்து இறங்கும் தகட்டை) கழுவிவிட்டுப் போவார். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும் மண் கால்வாய்தான் கழுவுகிற இடம். அங்கே கழுவு என்று யாரும் சொல்லவில்லை. முதல் லோரி கழுவியது, பின்னால் வந்தவர்கள் அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்தினார்கள்.

அந்தக் கால்வாய் செம்பனைக்குள் புகுந்து, பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவின் கெளுத்திக் குளத்துப் பக்கம் போகிறது. போன வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நான் ஆபீஸ் கேபினைத் திறக்கும்போது தாத்தா வாளியோடு நின்றார். திட்டவில்லை. படியில் வாளியைக் கவிழ்த்தார். முப்பது மீனாவது இருக்கும், செவுளெல்லாம் வெளுத்துக் கிடந்தது. "நீயே குழம்பு வச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் என் தாத்தாவோடு ஒரே பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் வரிசைக்கு) நின்றவர். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "மழைத் தண்ணியில எல்லாம் கரைஞ்சு போயிரும், சின்ன விஷயம்" என்றார். சரி என்று நானே பேக்ஹோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) வைத்து 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், முழங்கால் உயரத்துக்குமேல் ஒரு குழி தோண்டி, பிளாஸ்டிக் விரித்து, இங்கேதான் கழுவ வேண்டும் என்று பலகை வைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து மழை. குழி நிறைந்து வழிந்து, அதே கால்வாய்க்கே போனது.

இந்தத் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது? நிறைந்த குழியை என்ன செய்வது? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மிக்சர்மாமா:

தங்கச்சி, 19 வருடம் மிக்சர் ஓட்டியவன் நான். நீ சொன்ன அந்த வெள்ளைத் தடத்தை எத்தனையோ சைட்டில் முதலில் போட்டவனும் நானாகத்தான் இருப்பேன். அதனால் முதலில் டிரைவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கூலி டிரிப் கணக்கு. சூட்டைக் கழுவாமல் ரோட்டில் ஏறினால் கான்கிரீட் சிந்தும், சம்மன் எங்கள் தலையில். கழுவ இடம் காட்டாத சைட்டில் கால்வாய்தான் கண்ணுக்குத் தெரியும். நீ வைத்த பலகை எந்த மொழியில்? இப்போது ஓட்டுகிற பாதிப் பேருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் அரைகுறை. பலகையைவிட, லோரி திரும்புகிற இடத்திலேயே குழி இருக்க வேண்டும். இருபது அடி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எவனும் எடுக்க மாட்டான்.

இப்போது தண்ணீர். சிமெண்டில் தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு வெளியே வரும். எங்கள் ஆத்தா வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. நகக்கண் அளவுக்கு மேலே போனால் வாய் வெந்துவிடும் இல்லையா, அதையே கரைத்துக் கால்வாயில் விடுகிறோம் என்று வைத்துக்கொள். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 12, சில சமயம் 13கூட வரும். நல்ல தண்ணீர் 7. அடியில் சாம்பல் நிறத்தில் படிகிற சேறு உறைந்து கல்லாகிவிடும், அதை அள்ளிவிடலாம். மேலே தெளிந்து நிற்கிறதே, நீ தெளிவாக இருக்கிறது என்றாயே, கரைந்த சுண்ணாம்பெல்லாம் அதில்தான். அசையாமல் விட்டால் மேலே பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம் கட்டும். அது காற்றில் உள்ள கரியமில வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்தது. படலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையை விடாதே.

மழையில் கரைந்துபோகும் என்று உன் முதலாளி சொன்னாரே, பிஎச் அப்படி இறங்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. 12இல் இருக்கிற ஒரு வாளியை 9க்குக் கொண்டுவர ஆயிரம் வாளி நல்ல தண்ணீர் வேண்டும். தாத்தா குளம் எத்தனை வாளி?

குழி கணக்கு சொல்கிறேன். ஒரு சூட் கழுவ 30 லிட்டர் போதும், ஐந்து லோரிக்கு 150. கான்கிரீட் பம்ப் வந்தால் அதன் ஹாப்பர் (கான்கிரீட் கொட்டும் தொட்டி) கழுவ இன்னொரு 200. உன் குழிக்கு இது சுண்டைக்காய். ஆனால் மழையைப் பார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உன் குழி 6 சதுர மீட்டர். சாயங்காலம் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 300 லிட்டர் உள்ளே, பத்து லோரி கழுவின தண்ணீர். தரையில் ஓடி வருகிற மழை வேறு. வெயிலில் காயவிடலாம் என்று புத்தகத்தில் போட்டிருப்பான், அது காய்ந்த ஊருக்கு. இங்கே குழிக்கு மேலே கூரை போட வேண்டும். நாலு கம்பு, பழைய சிங்க் தகரம், ஒரு பக்கம் சரிவு. சுற்றி ஒரு முழம் மண் வரப்பு. லோரி வருகிற பக்கம் மட்டும் சூட் நுழைகிற அளவு திறப்பு.

இன்னொன்று. டிரம்மைச் சைட்டில் கழுவ விடாதே. சூட் மட்டும்தான் இங்கே. டிரம் கழுவினால் நூற்றுக்கணக்கான லிட்டர் போய்விடும். அது கான்கிரீட் கலக்கும் பிளாண்டில் செய்ய வேண்டிய வேலை, அங்கே கழுவின தண்ணீரை மறுபடி கான்கிரீட்டுக்கே எடுத்துக்கொள்ள முடியும். ஆர்டர் கொடுக்கும்போதே டிஓவில் (டெலிவரி ஆர்டர் சீட்டில்) எழுதிவிடு.

கெளுத்திக்காரன்:

நான் ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குளத்தில்) கூண்டு போட்டு மீன் வளர்க்கிறேன். மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கெளுத்திக் குளத்தில் தீனியும் கழிவும் சேர்ந்து எப்போதும் அம்மோனியா இருக்கும். பிஎச் 7இல் அதில் பெரும்பகுதி மீனை ஒன்றும் செய்யாத வடிவத்தில் கிடக்கும். 9ஐத் தாண்டினால் பாதியளவு விஷ வடிவத்துக்கு மாறிவிடும். அதாவது உங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சமாகப் போயிருந்தாலும், குளத்தில் ஏற்கெனவே இருந்ததே மீனைக் கொன்றிருக்கும். தாத்தா பாதித் தண்ணீரை மாற்றட்டும், தீனியை இரண்டு நாள் நிறுத்தட்டும். கடையில் பிஎச் தாள் கிடைக்கும், ஒரு கட்டு வாங்கிக் கொடுங்கள்.

அதோடு மீனுக்குக் காசும் கொடுங்கள். வாளியைப் படியில் கவிழ்த்தவர் காசு கேட்க மாட்டார்.

பச்சைத்தொப்பி:

பாதுகாப்பு அதிகாரி வேலை பார்க்கிறேன். இரண்டு விஷயம்.

சிலர் அசிட் ஊற்றிச் சரிசெய்கிறார்கள். வேண்டாம். ஒரு மடக்கு அதிகமானால் பிஎச் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், ஊற்றுகிறவன் முகத்தில் தெறித்தால் கதை முடிந்தது. கரியமில வாயு சிலிண்டரிலிருந்து குழாய் விட்டு, திறந்த இடத்தில் தண்ணீருக்குள் ஊதினால் மெதுவாக இறங்கும். கைதவறி அதிகம் ஊதினாலும் அசிட் மாதிரி அடியோடு விழாது. ஆனால் உங்கள் அளவுக்கு அதுகூடத் தேவையில்லை. தெளிந்த தண்ணீரை டிரம்மில் மொண்டு மூடி வைத்து, அடுத்த லோரிக்கு அதையே கொடுங்கள். கழுவுகிறவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பூட்ஸுக்குள் போனால் உடனே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். ஈர சிமெண்ட் தோலைச் சுடுவது முதலில் உறைக்காது, மாலையில்தான் தெரியும். மண்டியிட்டு வேலை செய்த ஒரு பையனின் முழங்காலை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சட்டம். முதலாளிக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, அதிகபட்ச அபராதத்தை ஒரு கோடி வெள்ளி (ரிங்கிட்) ஆக்கிவிட்டார்கள். தொழிற்கழிவு நீருக்கு 2009 விதிகளில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் பிஎச் 6 முதல் 9 வரைதான். உங்கள் கால்வாய் கடைசியில் சுங்கை சிலாங்கூரில்தானே விழும்? கிள்ளான் பள்ளத்தாக்கு குடிப்பது அந்த ஆற்றை. கீழே கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கச் சனம் படகில் போவதும் அதே ஆற்றில்.

தோட்டத்துப்பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கூரை போட்டாச்சு. பழைய லயத்துச் சமையற்கட்டுத் தகரம்தான், கரி படிந்தது இன்னும் அப்படியே இருக்கிறது. குழியை வாசலுக்குப் பக்கம் மாற்றினேன், லோரி வெளியே போகிற வழியில். பலகையில் எழுத்தை அழித்துவிட்டு லோரி படமும் அம்புக்குறியும் வரைந்தேன். முதல் நாள் நானே நின்று கை காட்டினேன். இப்போது யாரும் சொல்லாமலே அங்கே நிற்கிறார்கள், வெள்ளைத் தடம் இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு டிரைவர் டிரம்மைச் சுற்ற ஆரம்பித்தார், டிஓவைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

பிஎச் தாளை முதலாளி முன்னாலேயே குழியில் நனைத்தேன். கருநீலமாகிவிட்டது. தாத்தா குளத்துத் தாளையும் பக்கத்தில் வைத்தேன், பச்சை. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 300 வெள்ளியை உறையில் போட்டு என்னிடம் கொடுத்து, "நீயே கொண்டுபோய்க் குடு" என்றார். தாத்தா வாங்கிக்கொண்டார். ஆனால் எண்ணிப் பார்த்தார்.

மாமா, இப்போது அடியில் இரண்டு சாண் கெட்டியாகிவிட்டது. ரோரோ தொட்டிக்காரர் (கழிவுத் தொட்டியை லோரியில் ஏற்றிப் போகிறவர்) பிளாஸ்டிக்கோடு சேர்த்து எடுக்க மாட்டேன் என்கிறார். பேக்ஹோ வாளி வைத்துக் கிண்டினால் பிளாஸ்டிக் கிழிந்துவிடுமே?

மிக்சர்மாமா:

கிழியத்தான் செய்யும். இந்தத் தடவை பிரேக்கர் வைத்து உடைத்து எடு, புது பிளாஸ்டிக் விரி, மெல்லிசாக வாங்காதே. உடைத்த கல்லில் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டால் உங்கள் சைட் பாதைக்கே அடியில் போட்டு உருட்டலாம், ரோரோவுக்குக் காசு மிச்சம்.

அடுத்த தடவை ஊற்றும் முன்னால் குழியின் குறுக்கே இரண்டு பிளைவூட் பலகையைச் செருகி மூன்று அறையாக்கு. சேறு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு அறையிலும் வளைத்த கம்பி ஒன்றைக் காது மாதிரி நட்டுவை. இறுகின பிறகு அந்தக் காதில் சங்கிலி போட்டுப் பேக்ஹோவால் தூக்கினால் இட்லி மாதிரி கழன்று வரும். முக்கால் குழி நிறையும் வரை காத்திருக்காதே, பாதியிலேயே தூக்கிவிடு, இல்லாவிட்டால் பேக்ஹோ முக்கும். லோரியில் மிச்சம் வருகிற நல்ல கான்கிரீட்டைக் குழிக்கு விடாமல் பலகை அச்சில் ஊற்றினால் லோங்காங் (வடிகால்) மூடி கிடைக்கும். தாத்தா வீட்டு வாசலில் மூடி இருக்கிறதா என்று பார்.